கதவு முதல் நுழைவாயில் வரை: அடுக்குமாடி மக்கள் வீடமைப்பில் அண்டை உறவு வளர ஒரு வடிவமைப்பு வழிகாட்டி

மலேசிய ரப்பர்த் தோட்டத்தில், லயம் எனும் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அஞ்சடி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வீட்டுக் கதவுக்கும் மண்பாதைக்கும் நடுவே இருந்த அந்த ஐந்தடித் திண்ணையில்தான் என் பாட்டி கீரை ஆய்ந்தார், பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாரினார், பொதுக்குழாய்க்குக் குடத்தோடு போகிறவர்களை நிறுத்தி நலம் விசாரித்தார். தோட்டத்து வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு, கூரை ஒழுகும், குடியிருந்த வீடு ஒருநாளும் சொந்தமாகாது. ஆனாலும் தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, புறம்போக்கு நிலத்துப் பலகை வீட்டில் சில ஆண்டுகள் கழித்து, கோலாலம்பூரில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடிக்கு நாங்கள் குடிவந்தபோது, பாட்டி முதலில் கேட்டது “வாசல் எங்கே?” என்றுதான். கதவு இருந்தது. கதவுக்கு வெளியே விளக்கெரியாத நடையும் எதிர்ச்சுவரும் இருந்தன.

அந்த வாசலை அடுக்குமாடிக்குள் மீண்டும் உண்டாக்குவது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். குடியிருப்பாளர் சங்கப் பொறுப்பாளர்கள், பராமரிப்பு அதிகாரிகள், கட்டடக்கலை மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரிய மண்டபம் கட்டினாலோ ஆண்டுக்கொரு கலைநிகழ்ச்சி நடத்தினாலோ அண்டை உறவு வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சங்க வேலையில் நான் கண்டது வேறு. வீட்டுக் கதவிலிருந்து நுழைவாயில் வரை நாள்தோறும் நடக்கும் வழியில், ஒரே ஆட்களை அவசரமின்றியும் அச்சமின்றியும் பலமுறை எதிர்கொள்ளும்போதுதான் முகம் பழகுகிறது, பிறகு பெயர் தெரிகிறது, அதன்பின் அவசரத்துக்குக் கதவைத் தட்டும் துணிவு வருகிறது. ஆகவே அந்த வழியைப் பின்தொடர்ந்தே படிகளை அமைத்திருக்கிறேன்.

வரைவதற்கு முன்: எண்ணிப் பார்த்தல்

மலேசியாவில் 1998 முதல் கட்டப்பட்ட பிபிஆர் எனும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வீடு ஏறத்தாழ 700 சதுர அடி, மூன்று படுக்கையறைகள். மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் பல இடங்களில் ஒரு புளோக்குக்கு 316 வீடுகள், ஒரு தளத்தில் இருபது வீடுகள் என்ற அளவில் கட்டினார்கள். வீட்டுக்கு நான்கரைப் பேர் என்று வைத்தாலும் 1,400 பேர் ஒரே கூரையின் கீழ், அதே சில மின்தூக்கிகளை நம்பி வாழ்கிறார்கள். என் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தில் மொத்தமே அத்தனை பேர் இருந்ததில்லை. 1,400 பேரை யாராலும் அண்டை வீட்டாராக நினைவில் வைத்திருக்க முடியாது. எனவே வடிவமைப்பின் முதல் வேலை இந்தப் பெருங்கூட்டத்தைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்துக்கொள்வது.

எந்த வட்டம் எங்கே ஏற்கெனவே உருவாகியிருக்கிறது என்பதைக் கண்டறிய ஒரு வாரம் ஒதுக்குங்கள். தரைத்தளத்தின் வரைபடத்தைத் தாளில் வரைந்துகொண்டு, பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் காலை ஆறரை மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும், வேலை முடிந்து திரும்பும் மாலை ஆறரைக்கும், இரவு பத்துக்கும் சுற்றி வாருங்கள். நடந்து போகிறவர்களை விட்டுவிட்டு, நின்றவர்களையும் உட்கார்ந்தவர்களையும் மட்டும் புள்ளிகளாகக் குறியுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாள் உங்களுக்கே வியப்பளிக்கும். செலவழித்துப் போட்ட கூடாரம் காலியாக இருக்கும். கழித்துப் போட்ட பழைய சோபாவைச் சுற்றி புள்ளிகள் மொய்த்திருக்கும். மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரம், ஒட்டுக்கடை எனும் சிறு உணவுக்கடையின் பின்பக்கம், டியூஷன் நடக்கும் வீட்டுக்கு அருகிலுள்ள படிக்கட்டு போன்றவை எந்த வரைபடத்திலும் சந்திப்பிடமாகக் காட்டப்பட்டிருக்காது. முதலில் மேம்படுத்த வேண்டியவை அவைதாம். சோபாவைக் குப்பை லாரியில் ஏற்றுவதற்கு முன், அங்கே ஒரு நல்ல இருக்கை வந்துவிட வேண்டும்.

கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பது போதாது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்கள். தனியாக வாழும் முதியவர், இரவு வேலை பார்ப்பவர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய், பதின்ம வயதுப் பெண்பிள்ளை ஆகியோரிடம் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். அவரவர் மொழியில் கேட்க ஆள் வேண்டும்; கோலாலம்பூரில் மலாய், தமிழ், கண்டோனீஸ், பினாங்கில் என்றால் ஹொக்கியன். “உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?” என்று கேட்டால் எல்லாரும் வாகன நிறுத்துமிடம் என்பார்கள். “கடைசியாக யாரிடமிருந்து ஒரு பொருளை இரவல் வாங்கினீர்கள்? எந்த இடத்தைக் கடக்கும்போது வேகமாக நடப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

இடம் மாற்றும்போது அண்டை வீட்டாரைப் பிரிக்காதீர்கள்

புதிய குடியிருப்புக்கு மக்களை மாற்றும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி. வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுப்பது நேர்மையாகத் தோன்றினாலும், முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த பத்துக் குடும்பங்களை நான்கு புளோக்குகளில் சிதறடித்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு அது நடந்தது. பலகை வீட்டுக் காலத்தில் பாட்டிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்ட பக்கத்து வீட்டு அக்கா வேறு புளோக்கின் பதினைந்தாம் மாடிக்குப் போனார். பாட்டி ஊசிக்காக மருந்தகத்துக்கு வாடகைக் காரில் போய்வரத் தொடங்கினார். குலுக்கலை வீடு வாரியாக நடத்தாமல், தாமாகவே சேர்ந்து விண்ணப்பிக்கும் ஐந்தாறு குடும்பக் குழுக்களுக்குத் தளம் வாரியாக நடத்தினால் நேர்மையும் கெடாது, உறவும் அறுபடாது. கோலாலம்பூரின் சுங்கை பீசியில் பழைய ரசாக் மென்ஷன் குடியிருப்பாளர்களுக்கு அருகிலேயே புதிய கட்டடம் எழுப்பி மாற்றியதைப் போல, ஊரைவிட்டு விலக்காமல் மாற்றுவது இன்னும் நல்லது. சிங்கப்பூர் 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. இங்கே அப்படிப்பட்ட சட்டம் இல்லாவிட்டாலும், ஒரே தளத்தில் ஒரே இனத்தவர் மட்டும் அடைபடாமல் பார்த்துக்கொள்வது ஒதுக்கீட்டு அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது.

கதவும் நடையும்

1940களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்கென்று அமைத்த வெஸ்ட்கேட் வெஸ்ட் குடியிருப்பில், யார் யாருக்கு நண்பரானார்கள் என்று சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். தளத்துக்கு ஐந்து வீடு கொண்ட இரண்டு மாடிக் கட்டடங்கள் அவை. அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவரைச் சொன்னவர்கள் 10 விழுக்காடுதான். சில கதவுகளின் தூரம் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்த கீழ்த்தளத்தார் மேல்தளத்தில் கூடுதலாக நண்பர்களைப் பெற்றார்கள் என்பதையும் அவர்கள் கண்டார்கள். குணம், கொள்கை, ரசனை எல்லாம் பிறகு வருகின்றன. வழியில் எதிர்ப்படுவது முதலில் வருகிறது.

இருபது வீடுகள் கொண்ட நீண்ட நடையை இந்தக் கண்ணோட்டத்தோடு பாருங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதை எட்டு முதல் பத்து வீடுகள் கொண்ட இரு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் நடையைச் சற்று அகலப்படுத்தி, ஒரு பக்கம் திறந்த காற்றும் வெளிச்சமும் வரும்படி அமைக்கலாம். ஏற்கெனவே கட்டிய இடத்தில் சுவரை நகர்த்த முடியாது. நிறத்தாலும் விளக்காலும் பிரிக்கலாம். எங்கள் தளத்தில் முதல் பத்துக் கதவுகளின் சட்டங்களுக்குப் பச்சையும் அடுத்த பத்துக்கு மஞ்சளும் பூசினோம். வண்ணத்தைத் தேர்ந்தெடுக்க நடந்த மூன்று கூட்டங்கள்தாம் அந்த வேலையின் உண்மையான பயன் என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை தலையசைத்துக்கூடப் பழகாதவர்கள் பச்சையில் எந்தப் பச்சை என்று அரைமணி நேரம் வாதிட்டார்கள்.

கதவருகில் ஒரு மடக்கு நாற்காலி, இரண்டு பூந்தொட்டி, காலணி அடுக்கு, வாசலில் கோலம், சீன அண்டை வீட்டாரின் ஊதுபத்திக் கிண்ணம் ஆகியவற்றைக் கண்டால் பராமரிப்பு அலுவலகம் தடை ஒட்டிவிட்டுப் போகும். தீ விபத்தின்போது தப்பும் வழி மறிபடக் கூடாது என்ற பொம்பாவின், அதாவது தீயணைப்புத் துறையின், கவலை முற்றிலும் சரி. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் எல்லாவற்றையும் தடை செய்வதற்குப் பதிலாக, தப்பும் வழியின் அகலத்தைத் தரையில் மஞ்சள் கோடாக வரைந்து, கோட்டுக்கு வீட்டுப் பக்கம் மிஞ்சும் இடத்தைக் குடும்பத்தின் பொறுப்பில் விட முடியுமா என்று பொம்பா அதிகாரியை அழைத்து வந்தே கேளுங்கள். மிஞ்சும் இடம் ஒரு முழம்தான் என்றாலும், அந்த ஒரு முழத்தில்தான் ஒருவர் உட்காருகிறார். உட்காருகிறவரால்தான் அந்நியர் யார் என்று கவனிக்க முடிகிறது.

இதைக் கவனிக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த புரூயிட்–ஐகோ குடியிருப்பைச் சொல்வார்கள். 11 மாடிகள் கொண்ட 33 புளோக்குகள். மின்தூக்கி சில தளங்களில் மட்டும் நிற்கும், அங்கே பொது நடைக்கூடம் இருக்கும், மற்றவர்கள் படியிறங்கிப் போக வேண்டும். மக்கள் அங்கே கூடிக் குலாவுவார்கள் என்று எண்ணினார்கள். யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கூடங்களில் அச்சமே குடியேறியது. பணப்பற்றாக்குறை, வறுமை, இன ஒதுக்கல் ஆகியவையும் சேர்ந்தே அந்த இடத்தை அழித்தன என்பதை மறக்கக் கூடாது. 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். கட்டி முடித்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை.

மின்தூக்கி

மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும் எந்தத் திட்டமும் மின்தூக்கியிலிருந்து தொடங்காவிட்டால் அதை நான் நம்ப மாட்டேன். மின்தூக்கி பழுதானால் பதினாறாம் மாடியில் இருக்கும் முதியவர் வீட்டுச் சிறையில் இருப்பவராகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவர் மருத்துவ நாளைத் தவறவிடுகிறார். சமையல் வாயு உருளையைத் தோளில் சுமந்து ஏறும் ஆள் கூடுதல் கூலி கேட்கிறார். நாற்றமும் இருட்டும் காத்திருப்பின் எரிச்சலும் சேர்ந்து, அண்டை வீட்டாரை முதலில் சந்திக்கும் இடத்தையே அண்டை வீட்டாரை வெறுக்கும் இடமாக்கிவிடுகின்றன.

எனவே முதலில் பழுதுபார்ப்பு. எந்த மின்தூக்கி எந்த நாளில் நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு தன்னார்வலர் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். நாள், மணி, கடிதம் அனுப்பிய தேதி மூன்றும் இருக்கும் குறிப்பேட்டின் முன் எந்த ஒப்பந்தக்காரராலும் “நேற்றுத்தான் கெட்டது” என்று சொல்ல முடியாது. நிதிக்கு வழி எது என்பது குடியிருப்பின் வகையைப் பொறுத்தது. வாடகை பிபிஆர் என்றால் பொறுப்பு உரிமையாளரான மாநகர் மன்றத்துடையது அல்லது அரசுடையது. வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால் 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பு பராமரிப்புக் கட்டணம் வசூலித்துச் செய்ய வேண்டும். ஏழைகள் மிகுந்த இடத்தில் நிலுவை குவிவது இங்கேதான். பினாங்கு மாநில அரசு, மலிவுவிலை அடுக்குமாடிகளின் மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பெரிய பழுதுகளுக்கு 80 விழுக்காடு வரை ஏற்கும் பராமரிப்பு நிதியை வைத்திருக்கிறது. மீதியைக் குடியிருப்பாளர்கள் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையே பல இடங்களில் உறங்கிக் கிடந்த நிர்வாகக் குழுவை எழுப்பிவிடும்.

அடுத்தது இருக்கை. தரைத்தளத்தில் மின்தூக்கிக் கதவுக்கு எதிரே, வழியை மறிக்காமல், கைப்பிடியுள்ள ஒரு நீள இருக்கை. கைப்பிடி இல்லாவிட்டால் முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார மாட்டார்கள். எழ முடியாது என்று தெரியும். அருகில் கண்மட்டத்தில் அறிவிப்புப் பலகை. அதில் பாதியை அலுவலகத்துக்கும் பாதியை மக்களுக்கும் விடுங்கள்: காணாமற்போன பூனை, டியூஷன், பலகார முன்பதிவு, இறப்புச் செய்தி. எங்கள் புளோக்கில் அந்த இருக்கை வந்த சில வாரங்களில் மூன்றாம் மாடி மக்சிக்கும் (மலாய்க்கார மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்போம்) எட்டாம் மாடி அம்மாவுக்கும் இடையே ஒரு வழக்கம் ஏற்பட்டது. இருவரும் காய்கறிப் பையை நடுவில் வைத்துவிட்டு இரண்டு மின்தூக்கிகளை வேண்டுமென்றே போகவிடுவார்கள். அம்மாவுக்கு மலாய் அரைகுறை, மக்சிக்குத் தமிழ் நாலு சொல். ஒருநாள் அம்மா வரவில்லை. மக்சி மேலே போய்க் கதவைத் தட்டினார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தார். கதவைத் திறக்க ஆள் திரட்டியதும், ஆம்புலன்சுக்குச் சொன்னதும், மகன் வரும்வரை மருத்துவமனையில் உட்கார்ந்திருந்ததும் மக்சிதான். அந்த இருக்கைக்குக் குழு செலவழித்தது முந்நூறு வெள்ளிக்கும் குறைவு.

தரைத்தளம்

சிங்கப்பூர் வீடமைப்பு வாரியம் 1970களிலிருந்து புளோக்குகளின் தரைத்தளத்தை வீடு கட்டாமல் திறந்தவெளியாக விட்டுவந்தது. நிழலும் காற்றும் உள்ள அந்த வெளியில் திருமணமும் நடக்கிறது, இறப்புச் சடங்கும் நடக்கிறது, முதியோர் சதுரங்கமும் நடக்கிறது. இங்கே நம் தரைத்தளங்களும் பல இடங்களில் தூண்களோடு திறந்தே கட்டப்பட்டவை. பிறகு மோட்டார் சைக்கிள்களாலும் இரும்புக் கம்பிகளாலும் நிரம்பின. மோட்டாரைத் திட்டிப் பயனில்லை. அது இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. அதற்குக் கூரையும் பூட்டும் உள்ள தனியிடம் தந்த பிறகே தரைத்தளத்தை மீட்க முடியும்.

மீட்ட இடத்தை உடனே நிரப்பிவிட வேண்டாம். நமது குடும்பங்களுக்கு அந்த வெற்றிடம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இறப்பைச் சொல்கிறேன். நம் வழக்கப்படி உடலை வீட்டில் வைத்து, உறவினர் கூடி, சடங்கு செய்து எடுத்துச்செல்ல வேண்டும். 700 சதுர அடி வீட்டில் அறுபது பேர் நிற்க முடியாது. மின்தூக்கிக்குள் பெட்டியைக் கிடைமட்டமாக வைக்கவும் முடியாது. ஒன்பதாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது படிக்கட்டு வழியாகத்தான் இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைச் சாய்த்து நிமிர்த்த வேண்டியிருந்தது. ஆறாம் மாடியில் எங்கள் கைகள் தளர்ந்தபோது மலாய் இளைஞர்கள் இருவர் கேட்காமலேயே தோள் கொடுத்தார்கள். மோட்டார் நிறுத்துமிடத்தில் தினமும் அந்தப் பெரியவரைப் பார்த்தவர்களாம். அவர் அவர்களுடைய சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுத்திருக்கிறாராம்.

ஆகவே புதிய கட்டடத்தில் ஒரு மின்தூக்கியாவது படுக்கையும் பெட்டியும் நுழையும் ஆழத்தில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அவசர மருத்துவத்துக்கும் அதுவே பயன்படும். தரைத்தளத்தில் தண்ணீர்க் குழாய், வடிகால், மின் இணைப்பு உள்ள ஒரு மூலையை ஈமச்சடங்குக்கு என்று ஒதுக்கி, சூரா எனும் முஸ்லிம் தொழுகைக் கூடத்துக்கும் அதற்கும் இடையே போதிய தூரம் விட்டு, உறுமி மேளத்துக்கும் தொழுகை நேரத்துக்கும் முன்கூட்டியே ஓர் உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்தப் பேச்சைத் தொடங்கினால் யாருக்கும் நிதானம் இருக்காது.

பொது மண்டபத்தைப் பற்றி ஒரு வரி போதும்: வாடகையைக் குறையுங்கள், சாவியைப் புளோக்குக்குள்ளேயே ஒருவரிடம் வையுங்கள்.

மழை, வெயில், வாகனம்

கோலாலம்பூரில் மக்கள் வெளியே வர விரும்பும் நேரம் மாலை; இடிமழை கொட்டும் நேரமும் பெரும்பாலும் அதுதான். கூரையில்லாத விளையாட்டிடமும் நடைபாதையும் ஆண்டின் பல மாலைகளில் பயன்படாமற்போவது இதனால்தான். புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம், கடை, பாலர் பள்ளி மூன்றையும் இணைக்கும் கூரையிட்ட நடைபாதை இருந்தால், வெவ்வேறு பக்கம் சிதறிப்போகிறவர்கள் ஒரே கோட்டில் நடப்பார்கள், எதிர்ப்படுவார்கள். வெயிலுக்கு வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் கிழக்கும் மேற்கும் பார்த்த சுவர்களே சுடும். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தால் நடைகளும் வீடுகளும் குளிர்ச்சியாக இருக்கும். கட்டி முடித்த இடத்தில் மேற்குச் சுவரோரம் மரம் வைப்பதும், இருக்கைகளைப் பிற்பகல் நிழல் விழும் பக்கத்துக்கு நகர்த்துவதும் செய்யக்கூடியவை.

வாகனப் போக்குவரத்தைப் பற்றி நகர வடிவமைப்பாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வு இன்றும் பயனுள்ளது. ஒரே மாதிரியான மூன்று தெருக்களை அவர் ஒப்பிட்டார். வாகனம் குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள்; வாகனம் மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுமையாக இல்லை, 0.9தான். குடியிருப்புக்குள் வரும் பாதையை நேர்கோடாக விடாமல் வளைத்து, கடக்கும் இடங்களில் நடைபாதையின் உயரத்துக்குத் தரையை மேடாக்கினால், வேகத்தடைப் பலகை தேவைப்படாது.

பிள்ளைகள்

2018 ஜனவரியில் கோலாலம்பூரின் பந்தாய் டாலாம் பிபிஆர் ஒன்றில் மேல்மாடியிலிருந்து விழுந்த நாற்காலி தலையில் பட்டு 15 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு பல குடியிருப்புகளில் நடைபாதைகளுக்கு மேலே பாதுகாப்புக் கூரைகளும் கேமராக்களும் பேச்சுப்பொருளாயின. கூரை வேண்டும், ஐயமில்லை. அதோடு, பெரிய பொருள்கள் ஏன் மேலிருந்து வீசப்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். பழைய மெத்தையை, உடைந்த நாற்காலியை இறக்க மின்தூக்கி இல்லாத, கீழே போட இடமில்லாத குடியிருப்பில் குற்றம் எளிதாகிறது. மாதத்தில் இரண்டு நாள் ஒவ்வொரு தளத்திலிருந்தும் பெரிய குப்பையை எடுத்துச்செல்லும் ஏற்பாடு, வீசுபவரைத் தேடும் கேமராவைவிட முன்பே செய்ய வேண்டியது.

அதே 2018இல் யுனிசெஃப் வெளியிட்ட, கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவுவிலை அடுக்குமாடிகளைப் பற்றிய ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தது தெரியவந்தது. விளையாட்டிடத்தை வடிவமைக்கிறவர்களுக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பசியாறாத பிள்ளைக்குச் சறுக்குமரம் மட்டும் போதாது. விளையாட்டிடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பொதுச் சமையலறை இருந்தால், தாய்மார்கள் முறைவைத்துச் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு முன் பசியாற வைக்கலாம். சமைக்கும் இடத்திலிருந்து பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவே சிறந்த காவல்.

பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. புட்சால் திடல் கட்டினால் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். திடலின் ஓரத்தில் முகம் பார்த்து உட்காரும் இரு இருக்கைகள், நல்ல விளக்கு, பூப்பந்து ஆட ஒரு சிறு தளம், வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய நான்கும் இருந்தால் அவர்களும் இறங்கி வருவார்கள்.

தோட்டம், ஒட்டுக்கடை

சிக்காகோவின் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் என்ற 16 மாடிப் பொதுவீடமைப்பில், மரமும் புல்லும் உள்ள முற்றத்தையொட்டிக் குடியிருந்தவர்கள் வெறும் சிமெண்டு முற்றத்தையொட்டி இருந்தவர்களைவிட அண்டை வீட்டாரை நன்கு அறிந்திருந்தார்கள் என்று பிரான்செஸ் குவோ, வில்லியம் சலிவன் ஆகியோரின் ஆய்வு காட்டியது. யார் எந்த வீட்டில் என்பதைக் குடியிருப்பாளர்கள் தாமாகத் தேர்ந்தெடுக்காததால் அந்த ஒப்பீடு வலுவானது. மரம் நிழல் தருகிறது, நிழலில் ஆள் நிற்கிறார். காரணம் இவ்வளவு எளியது. அதனால் அழகுப் பனைகளைத் தவிர்த்து, குடைவிரிக்கும் மரங்களை இருக்கைக்கு மேலே வையுங்கள்.

காய்கறித் தோட்டம் போட விரும்புகிறவர்கள் தண்ணீர்க் குழாயை முதலில் கேளுங்கள். மாடியிலிருந்து வாளி தூக்கி யாரும் மூன்று மாதத்துக்கு மேல் பாத்தி பராமரிப்பதில்லை. பாத்தியைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, கருவேப்பிலை, முருங்கை, பண்டான் போன்றவற்றை மட்டும் யாரும் பறித்துக்கொள்ளும் பொதுச் செடிகளாக வைத்தால் சச்சரவு குறைகிறது. கருவேப்பிலை பறிக்க வருகிறவர் வெறுங்கையோடு பேசாமல் போவது அரிது.

ஒட்டுக்கடைகளை ஒழுங்கீனமாகக் கருதி அகற்றும் போக்கை நான் ஏற்கவில்லை. காலையில் நாசி லெமாக்கும் தோசையும் விற்கும் மேசைதான் பல புளோக்குகளில் முதல் சந்திப்பிடம். தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் கூரையும் தந்து, குறைந்த வாடகையில் அந்தப் புளோக்கின் பெண்களுக்கே முன்னுரிமை கொடுங்கள். மேசைகளை வழியின் ஓரத்தில் போட அனுமதியுங்கள். சுற்றுச்சுவருக்குள் ஒளித்தால் வியாபாரமும் போகும், சந்திப்பும் போகும்.

யார் நடத்துவது

வடிவமைப்பு முடிந்த பிறகும் இடம் உயிரோடு இருக்க, சிறு வட்டங்களுக்குச் சிறு அதிகாரம் வேண்டும். 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா எனும் அண்டை வீட்டார் அமைப்பு பெரும்பாலான குடியிருப்புகளில் இருக்கிறது; அதன் கீழோ, குடியிருப்பாளர் சங்கத்தின் கீழோ, ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு பேரை, இயன்றவரை இரு வெவ்வேறு இனத்தவரை, அவர்களில் ஒருவராவது பெண்ணாக, பொறுப்பாக்குங்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை, கணக்குக் காட்டும் நிபந்தனையோடு, அவர்களே முடிவெடுத்துச் செலவழிக்கக் கொடுக்க வேண்டும். விளக்கை மாற்ற மூன்று மாதம் கடிதம் எழுதும் நிலையில் யாரும் எதையும் தம்முடையதாக நினைக்க மாட்டார்கள். கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணியை மாதம் ஒருமுறை எல்லாப் புளோக்குக்கும் சேர்த்து நடத்துவதைவிட, தளம் தளமாக, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, முடிந்ததும் அதே நடையில் பாய் விரித்து ஒன்றாகத் தேநீர் குடிப்பதாக மாற்றிப் பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து

முதலில் வரைந்த புள்ளித்தாளை எடுங்கள். அதே கிழமைகளில், அதே நான்கு நேரங்களில், முன்பு சுற்றிய அதே ஆளே மீண்டும் சுற்றட்டும். மழை நாளைத் தனியாகக் குறியுங்கள். தளத்துக்கு ஐந்து வீடுகளில் நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இந்தத் தளத்தில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? அவர்களில் வேறு இனத்தவர் எத்தனை பேர்? அவசரத்துக்கு வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? இரவு பத்து மணிக்குத் தனியாகக் கீழே போவீர்களா? விடைகளை அறிவிப்புப் பலகையின் மக்கள் பாதியில், பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் தளத்தில் முதல் முறை சாவிக்கு ஆள் சொன்ன வீடு ஐந்தில் ஒன்று. இரண்டாம் முறை மூன்று. சொல்லாத இரண்டு வீடுகளும் நடையின் மறுகோடியில், விளக்கு இன்னும் சரிசெய்யப்படாத பக்கத்தில் இருந்தன. அடுத்த தொகையை அந்த விளக்குகளுக்கே ஒதுக்கினோம்.